நாட்டுப்புறமும் அகலப்பட்டை இணையமும்

மக்கள் ஒருவரோடொருவர் தொடர்பு கொள்வதற்கெனக் கண்ட கருவிகள் யாவும் முதலில் நகரத்தையே நாடிச் சென்றன. தந்தி, மின்சாரம், தொலைபேசி என்னும் இவற்றின் வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். நகரத்தார் ஒன்றை நுகர்ந்து பழகி, அவர்க்கு அது வியப்பென்னும் நிலை நீங்கி வழக்கமென்னும் நிலை எய்திய பின்னரே நாட்டுப்புறத்தார் அதன் வாயிலில் வந்து நிற்பாராயினர். இருபத்தோராம் நூற்றாண்டில் இவ்வரிசையில் வந்து சேர்ந்தது அகலப்பட்டை இணையம். செல்வத்தாலும் பொறியியல் அறிவாலும் முன்னிற்கும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலேயே இச்சிக்கல் முற்றத் தீர்ந்தபாடில்லை எனின், அதன் காரணம் ஆராயத்தக்கதன்றோ?

இவ்வாராய்ச்சிக்கு ரொக் இசையும் திரைப்படமும் நல்ல துணையாவன. இணையக் கம்பியின் வலுவை அளந்து காட்டும் அளவுகோல்களாக அவை அமைந்தன என்பது ஒரு காரணம். "பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவுந்தானே கிராமத்தவர் இதனைக் கேட்கின்றனர், அதற்குப் பொதுப்பணம் செலவிடலாமோ?" என்று எழுப்பப்படும் தடைக்கு விடை காணவேண்டியிருத்தல் மற்றொரு காரணம்.

பிற்றும் பாட்டும்

கணினி அறிவன இரண்டே குறிகள், ஒன்று, பூச்சியம். இவற்றுள் ஒரு குறி ஒரு பிற்று எனப்படும். எட்டுப் பிற்றுக்கள் சேர்ந்தது ஒரு பைற்று. எழுத்தாயினும், பாட்டாயினும், படமாயினும் கம்பி வழியே செல்லுங்கால் பிற்றுக்களின் நீண்ட நிரையாகவே செல்லும். ஒரு செக்கனில் எத்தனை பிற்றுக்கள் செல்லும் என்பதே அக்கம்பியின் வேகம். வாய்க்காலின் அகலம் மிகுந்தால் அதில் ஓடும் நீரும் மிகுதல் போல, பயன்படும் அதிர்வெண்களின் பரப்பு விரிந்தால் செல்லும் பிற்றுக்களும் மிகும். அகலப்பட்டை என்னும் பெயர் வந்தது இதனாலேயே.

பழைய தொலைபேசிக் கம்பி வழியே மொடெம் என்னும் கருவி கொண்டு பெறக்கூடிய உயர்ந்த வேகம் செக்கனுக்கு 56 கிலோபிற்று. நான்கு நிமிடம் ஒலிக்கும் ஒரு ரொக் பாட்டு இறுவட்டில் உள்ளவாறே ஏறக்குறைய 42 மெகாபைற்று அளவினது. இதனை அக்கம்பி வழியே பெறுவதற்கு ஒரு மணி 40 நிமிடம் செல்லும். செவிக்குப் புலனாகாத நுண்கூறுகளை நீக்கிச் சுருக்கும் எம்பி3 முறை 1990களிற் பரவியபோது, அதே பாட்டு நான்கு மெகாபைற்றுக்குள் அடங்கிற்று. ஒன்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தது. பாட்டின் நீளத்தினும் காத்திருக்கும் நேரம் இருமடங்கிற்கு மேலாயினும், இளைஞர் காத்திருந்தனர். 1999 இல் நப்ஸ்டர் என்னும் பரிமாற்ற முறை தோன்றியதும், அடுத்த ஆண்டிலே மெற்றாலிக்கா என்னும் ரொக் குழுவினர் அதன்மீது வழக்குத் தொடுத்ததும், பாட்டு கம்பியேறிவிட்டது என்பதற்குச் சான்றாயின.

இதற்கு முன்னரே சில முன்னோட்டங்கள் நிகழ்ந்தன. 1993 ஆம் ஆண்டு மே மாதத்தில் டேவிட் பிளேயர் இயற்றிய 'வக்ஸ்' என்னும் திரைப்படம் இணையத்தின் வழியே ஒளிபரப்பப்பட்டது. திரையரங்கிற் செக்கனுக்கு 24 படங்கள் ஓடவேண்டிய இடத்தில், அன்று கணினித் திரையில் ஓடியவை இரண்டேயாம். படம் ஓடிற்று என்பதினும் தவழ்ந்தது என்பதே பொருந்தும். அதே ஆண்டு ஜூன் மாதத்திற் கலிபோர்னியாவில், கணினிப் பொறியியலாளர் சிலர் பொழுதுபோக்காக நடத்திவந்த 'சிவியர் ரயர் டமேஜ்' என்னும் ரொக் குழு தன் கச்சேரியை இணையத்தில் நேரடியாகப் பரப்பியது. 1994 நவம்பர் 18 இல் உலகப் புகழ் வாய்ந்த ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் டலஸ் நகரக் கச்சேரியின் ஒரு பகுதியை அவ்வாறே பரப்ப முற்பட்டபோது, மேற்படி பொறியியலாளர் குழு அழையா விருந்தாக அதே வழியிற் புகுந்து, பெரியோர் பாடுமுன் தாம் பாடி முடித்தது. கதவு இன்னதென்றும் அதன் திறப்பு எங்குளதென்றும் அறிந்தவர் அவரேயாதலின் அவரைத் தடுப்பார் இலராயினர்! 1994 ஜூன் மாதத்தில் ஏரோஸ்மித் குழுவின் பாட்டொன்று கொம்பியூசேர்வ் சேவையின் வழியே இலவசமாக வழங்கப்பட்டது. மூன்று நிமிடத்துக்குச் சிறிது மேற்பட்ட அப்பாட்டினைச் செக்கனுக்கு 9.6 கிலோபிற்று வேகமுடைய மொடெம் கொண்டு பெற்றவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பொறுத்திருந்தனர்.

திரைப்படத்தின் கணக்கோ இதனினும் பெரிது. செக்கனுக்கு 5 மெகாபிற்று வீதம் ஓடும் இரண்டு மணி நேரப் படம் 4,500 மெகாபைற்று அளவினதாகும். 56 கிலோபிற்றுக் கம்பியில் இஃது ஒருவனை அடைய ஏழு நாட்களுக்கு மேற் செல்லும். இதனினும் விரைவாகத் தபாற்காரன் அதனைக் கொண்டுவந்து சேர்ப்பான். உண்மையில் அவ்வாறே நிகழ்ந்தது. நெட்பிளிக்ஸ் என்னும் நிறுவனம் 1998 தொடக்கம் டீவீடி இறுவட்டுக்களைத் தபாலுறையில் இட்டு வீடுகளுக்கு அனுப்பியது. 2007 இலேயே கம்பி வழியே படம் காட்டத் தொடங்கியது. நகரத்தார் தபாலுறையை மறந்த பின்னரும், போதிய கம்பி எட்டாத ஊரவர் பலர்க்கு அவ்வுறையே திரையரங்காக இருந்தது. 2023 செப்டெம்பர் 29 இல் அத்தபாற் சேவை முடிவெய்தியது.

தூரம் செய்யும் தடை

நகரத்துக்கும் கிராமத்துக்கும் தொலைபேசிக் கம்பி ஒரே செம்பினாலானது. அவ்வாறாயின் வேறுபாடு எவ்வாறு தோன்றிற்று? தூரத்தினால் என்க.

மனிதக் குரலைக் கொண்டுசெல்ல 300 முதல் 3,400 வரையான ஹேர்ட்ஸ் அதிர்வெண்களே போதும். செம்புக் கம்பியில் அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களும் செல்லுமாதலின், அவற்றைப் பயன்படுத்தி அதே கம்பியில் விரைந்த இணையத்தைத் தரும் முறை 1990களின் இறுதியிற் பரவியது. ஆயினும், அதிர்வெண் உயருந்தோறும் அது செம்பில் விரைந்து தேயும். தொலைபேசி நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஐந்தரைக் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வீட்டுக்கு இம்முறை பெரும்பாலும் பயன்படுவதில்லை. நகரத்தில் நிலையம் அடுத்த தெருவில் உளது. பண்ணைகள் சிதறிக் கிடக்கும் ஊரிலோ அது பத்து, பதினைந்து கிலோமீற்றருக்கு அப்பால் உளது.

இதில் வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. நெடுந்தூரக் கம்பிகளிற் குரல் மங்காதிருத்தற்பொருட்டு, இடையிடையே கம்பிச் சுருள்களை இணைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏற்பட்டது. அச்சுருள்கள் குரலின் அதிர்வெண்களைச் செவ்வனே கடத்தும். அதற்கு மேற்பட்டவற்றை அடைத்துவிடும். கிராமத்தவர் தெளிவாகப் பேசுவதற்கென ஒரு தலைமுறை செய்த நன்மை, மற்றொரு தலைமுறை இணையம் பெறுவதற்குத் தடையாயிற்று. அவற்றை அகற்றினாலன்றி அக்கம்பி புதிய பணிக்கு உதவாது.

கம்பியில்லா வழிகளும் உள. ஆயின் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குறை உண்டு. கோபுரத்திலிருந்து வரும் வானலை குன்றினாலும் அடர்ந்த மரத்தினாலும் தடைப்படும். அதன் வேகத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ளவும் வேண்டும். அன்றியும், அக்கோபுரத்துக்கே ஒரு கம்பி சென்றாக வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு நேரே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதியோ எங்கும் எட்டும். ஆனால் ஒலியும் படமும் அங்கே ஏறி மீண்டும் இறங்குவதற்கு, ஒளியின் வேகத்திற் சென்றும் ஏறத்தாழக் கால் செக்கன் ஆகும். கால் செக்கன் சிறிதென எண்ணற்க. ஒலி காற்றில் அந்நேரத்தில் 80 மீற்றருக்கு மேற் செல்லும். ஆகவே, செய்மதி வழியே இணைந்து வாசிக்கும் கிற்றார்க்காரனும் மேளக்காரனும் 80 மீற்றர் இடைவெளியில் ஒரு வெளியின் இரு கோடியில் நின்று வாசிப்போரை ஒப்பர். தாளம் கூடுவது எங்ஙனம்? 2019 இல் முதன்முறையாகத் தொகுதியாக ஏவப்பட்ட ஸ்ரார்லிங்க் செய்மதிகள் ஏறக்குறைய 550 கிலோமீற்றர் உயரத்திலேயே சுழல்வதால் இக்குறை பெரிதும் நீங்கிற்று. எனினும், ஒரு பரப்பின்மேற் செல்லும் செய்மதிகளின் கொள்ளளவை அப்பரப்பிலுள்ளார் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருத்தலின், மக்கள் பெருகுந்தோறும் ஒவ்வொருவர்க்கும் கிட்டும் வேகம் குறையும்.

இவ்விடர்கள் யாவும் இல்லாதது கண்ணாடியிழை. தூய கண்ணாடியை மயிரினும் மெல்லிதாக இழுத்து அதனூடே ஒளியைச் செலுத்தலாம் என்பதை 1966 இற் சார்ள்ஸ் காவோவும் அவர்தம் துணைவரும் விளக்கினர். அதன்பொருட்டுக் காவோ 2009 இல் நோபல் பரிசு பெற்றார். இக்காலத்துச் சிறந்த இழையில் 15 கிலோமீற்றர் சென்ற பின்னரும் ஒளியின் வலுவிற் பாதி எஞ்சியிருக்கும். அதனாற் பதினைந்து கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பண்ணையும் நகரத்துத் தெருவும் இழைக்கு ஒன்றே. மேலே கூறிய திரைப்படம், செக்கனுக்கு 1,000 மெகாபிற்றுத் தரும் இழையில் 36 செக்கனில் முழுவதும் வந்துவிடும்.

கணக்கு மறுக்கும் கம்பி

அறிவியல் தூரத்தை வென்றது, பொருளியல் வென்றிலது. இழையின் விலை சிறிது. அதனைப் புதைத்தற்கு நிலத்தை அகழும் செலவே பெரிது. அச்செலவு தூரத்தைப் பொறுத்ததேயன்றி வீடுகளின் தொகையைப் பொறுத்ததன்று. ஓர் எடுத்துக்காட்டுக் காண்க. ஒரு கிலோமீற்றர் இழை இடுவதற்கு 20,000 டொலர் செலவாகும் எனவும், ஒரு வீட்டாரிடமிருந்து ஏனைச் செலவுகள் போக மாதந்தோறும் 20 டொலர் எஞ்சும் எனவும் கொள்வோமாயின், கிலோமீற்றருக்கு 50 வீடுகளுள்ள நகரத்தில் ஒரு வீட்டுக்கு வரும் செலவு 400 டொலர். அது 20 மாதத்தில் மீளும். கிலோமீற்றருக்கு இரண்டே வீடுகளுள்ள கிராமத்தில் ஒரு வீட்டுக்கு வரும் செலவு 10,000 டொலர். அது மீளுதற்கு 500 மாதம், அஃதாவது 41 ஆண்டுக்கு மேற் செல்லும். ஆண்டுதோறும் இலாபப் பங்கு பகிரவேண்டிய நிறுவனம் இரண்டாவது ஊருக்கு வராமைக்குத் தீயவெண்ணம் காரணமன்று, இக்கணக்கே காரணம். ஆதலின், அதனை வைதல் பயனற்றது. கணக்கை மாற்றும் வழி காண்டலே அறிவுடைமை.

மிசிசிப்பி காட்டிய வழி

கணக்கை மாற்றும் வழி முன்னரே ஒருகாற் காணப்பட்டது. 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்க நகரத்து வீடுகளில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு மின்னொளி பெற்றிருக்க, பண்ணை வீடுகளில் நூற்றுக்குப் பத்தே அதனைப் பெற்றிருந்தன. மின்னிறுவனங்கள் சொன்ன காரணமும் மேலே காட்டிய கணக்கே. 1933 இல் அமைக்கப்பட்ட ரெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையின் மின்சாரத்தைப் பெற்ற முதல் நகரம் மிசிசிப்பி மாநிலத்து டூப்பெலோ. 1934 பெப்ரவரியில் அங்கே மின்சாரம் வந்தது. அதே ஆண்டில் அதற்கு வடக்கேயுள்ள கொரிந்து என்னும் சிற்றூரில், சுற்றுப்புறத்து மக்கள் தாமே அங்கத்தவராகச் சேர்ந்து ஒரு மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் நிறுவினர். நகரத்து வீடுகளையும் நாட்டுப்புறத்து வீடுகளையும் ஒரே கணக்கிற் சேர்த்துச் சராசரி கண்டதே அதன் நுட்பம். அஃது அமெரிக்காவின் முதற் கிராம மின்சாரக் கூட்டுறவுச் சங்கமாகப் போற்றப்படுகின்றது.

இம்முயற்சி 1936 ஆம் ஆண்டின் கிராம மின்மயமாக்கற் சட்டத்துக்கு வழிகாட்டியாயிற்று. அரசாங்கம் நேரே கம்பி இழுக்கவில்லை. சங்கங்களுக்கு நெடுங்காலக் கடன் கொடுத்தது. 1944 இல் அக்கடனின் வட்டி நூற்றுக்கு இரண்டாகவும், மீட்கும் காலம் 35 ஆண்டாகவும் வகுக்கப்பட்டன. இலாபம் வேண்டாத சங்கமும் 35 ஆண்டு பொறுக்கும் கடனும் சேர்ந்தவிடத்து, மேலே காட்டிய கணக்கு வேறாகின்றது. கிலோமீற்றருக்கு மூன்று வீடுகள் இருப்பின் முதல் 333 மாதத்தில் மீளும். அஃது 28 ஆண்டுக்கும் குறைவு. வணிகர்க்கு இயலாதது ஊரார்க்கு இயல்வதாயிற்று. 1949 இல் இச்சட்டம் தொலைபேசிக்கும் விரிக்கப்பட்டது.

இவ்விடத்தே ரொக் இசை மீண்டும் வந்து புகுகின்றது. டூப்பெலோவில் மின்சாரம் வந்து பதினொரு மாதத்தின் பின், 1935 ஜனவரி 8 இல், அவ்வூரில் வறிய குடும்பமொன்றிற் பிறந்தவர் எல்விஸ் பிரெஸ்லி. அவர் பிற்காலத்தில் ரொக் இசையின் அரசரெனப் பெயர் பெற்றதும் 1956 தொடக்கம் திரைப்படங்களில் நடித்ததும் யாவரும் அறிந்தவை. இன்னும், அதே அதிகாரசபையின் அணையொன்று அலபாமா மாநிலத்து மசில் ஷோல்ஸ் பகுதியில் ரெனசி ஆற்றின்மேல் உளது. அப்பகுதியைச் சார்ந்த செபீல்ட் என்னும் சிற்றூரில் 1969 இல் உள்ளூர் வாத்தியக்காரர் நால்வர் ஓர் ஒலிப்பதிவுக்கூடம் திறந்தனர். அவ்வாண்டு டிசெம்பரில் ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் அங்கே வந்து மூன்று பாட்டுக்களைப் பதிந்து சென்றனர். அவர்கள் அக்கூடத்தில் அமர்ந்து தம் பாட்டைத் தாமே கேட்டிருக்கும் காட்சி 1970 இல் வெளிவந்த 'கிம்மி ஷெல்ரர்' என்னும் விவரணப் படத்தில் இடம்பெற்றது. மின்சாரமின்றி மின்கிற்றார் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியும் இல்லை. கிராமத்துக்குக் கம்பி இழுத்தோர் அதன் வழியே என்ன திரும்பி வரும் என்பதை அன்று கண்டிருப்பாரல்லர். விளக்கெரிக்க இழுத்த கம்பியில் இசை திரும்பி வந்தது.

அக்கொரிந்து ஊர்ச் சங்கத்தின் கதை அத்துடன் முடியவில்லை. இணையக் காலம் வந்தபோது, மிசிசிப்பியின் மின்சாரச் சங்கங்கள் மின்சாரமன்றிப் பிறிது தொழில் புரிவதை அம்மாநிலச் சட்டம் தடுத்து நின்றது. ஊரெங்கும் கம்பமும் வழியுரிமையும் அங்கத்தவர் நம்பிக்கையும் உடைய சங்கங்கள், தம் கம்பங்களில் ஓர் இழையைத் தொங்கவிட்டு அதனைத் தம் அங்கத்தவர்க்கு வழங்க இயலாதிருந்தன. 2019 ஜனவரியில் நிறைவேறிய சட்டம் இத்தடையை நீக்கிற்று. அதன்பின், 1934 இல் முதன்முதல் மின்கம்பி இழுத்த அச்சங்கம் உட்படப் பல சங்கங்கள் கண்ணாடியிழை இடத் தொடங்கின. எண்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் ஒரே ஊர், ஒரே சங்கம், ஒரே கேள்வி, விடையும் ஒன்றே.

கோவேறு கழுதையும் மண்வெட்டியும்

இவ்வழியின் வலிமையைக் காட்டும் வேறு இரு சான்றுகளும் உள. கென்ரக்கி மாநிலத்தின் கிழக்கிலுள்ள ஜக்சன், ஓவ்ஸ்லி என்னும் மாவட்டங்கள் மலைப்பாங்கானவை, வறுமை மிக்கவை. அங்குள்ள தொலைபேசிக் கூட்டுறவுச் சங்கம் 2009 ஆம் ஆண்டின் பொருளாதார மீட்புச் சட்டத்தின் வழியே கிடைத்த மானியத்தையும் கடனையும் கொண்டு தன் எல்லையிலுள்ள வீடுகள் யாவற்றுக்கும் இழை இடத் துணிந்தது. வண்டி ஏறமாட்டாத மலைச்சரிவுகளில் 'ஓல்ட் பப்' என்னும் கோவேறு கழுதையொன்று இழையை இழுத்துச் சென்றது. 2014 இல் அப்பணி முற்றுப்பெற்றது. உலகின் மிக விரைந்த தொடர்பு மிகப் பழைய ஊர்தியின் முதுகேறி வந்த விந்தை இது. அதன் பின்னர் அம்மலைநாட்டார் சிலர் தொலைவிலுள்ள நிறுவனங்களின் பணிகளைத் தம் வீட்டிலிருந்தே செய்து ஊதியம் பெறலாயினர்.

மற்றொன்று இங்கிலாந்தின் லங்காஷயர் நாட்டுப்புறத்தது. பெருநிறுவனங்கள் தம்மூருக்கு வாராமை கண்ட மக்கள், 'பீ ஃபோர் ஆர் என்' எனச் சுருக்கப்பெயர் பெற்ற ஒரு சமூகநலச் சங்கத்தை 2011 இல் நிறுவிப் பங்குகள் விற்று முதல் திரட்டினர். பல்கலைக்கழகத்திற் கணினி வலையமைப்புத் துறையிற் பணியாற்றிய பரி போர்ட் என்பவர் திட்டத்தை வகுத்தார். பெருந்தெருக்களைத் தோண்டினாற் செலவு மிகுமாதலின், வயல்களின் ஊடே இழை சென்றது. கமக்காரர் வழியுரிமையை இலவசமாக அளித்தனர். தம் பொறிகளாலும் மண்வெட்டிகளாலும் தாமே அகழ்ந்தனர். தோண்டிய உழைப்புக்கு ஈடாகப் பங்கு பெற்றோரும் உளர். இவ்வாறு, அகழும் செலவே பெரிதென்னும் முடிச்சை அவர் தம் கையாலேயே அவிழ்த்தனர். செக்கனுக்கு 1,000 மெகாபிற்று வேகத்தைத் தொடக்கத்தில் மாதம் 30 பவுணுக்கு அவர்கள் பெற்றனர். நகரத்தார் பலர்க்கு அக்காலத்தில் அது கனவாயிருந்தது.

பாட்டும் படமும் வீணோ?

இனி, தொடக்கத்திற் கூறிய தடையை நோக்குதல் வேண்டும். இணையத்தின் வழியே செல்வனவற்றுட் பெரும்பகுதி படமும் பாட்டுமே; இவற்றின்பொருட்டுப் பொதுப்பணத்தைச் செலவிடுதல் தகாது என்பர் சிலர். இக்கூற்று மேற்பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். ஆராயின் மூன்று காரணங்களால் அது நில்லாது.

முதலாவது, கம்பி பொருளறியாதது. திரைப்படத்தின் பிற்றும் வைத்தியர் நோயாளியைக் காணும் படத்தின் பிற்றும் அதற்கு ஒன்றே. இடையறாது படம் ஓடும் கம்பியிலேதான் இடையறாது பாடமும் நடைபெறும். 2020 இற் கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவ்வுண்மை கொடிய முறையில் வெளிப்பட்டது. வீட்டில் இணையமில்லாத அமெரிக்க மாணவர் பலர் நூல்நிலையங்களின் வாகனத் தரிப்பிடங்களிலும் உணவகங்களின் புறத்தேயும் அமர்ந்து, அங்கிருந்து கசியும் வானலையைப் பற்றிப் பாடங் கேட்டனர். முந்திய ஆண்டில் அவ்வீட்டுக்குப் 'பாட்டுக் கேட்க' ஒரு கம்பி சென்றிருப்பின், அவ்வாண்டிற் பாடங் கேட்க அதுவே உதவியிருக்கும்.

இரண்டாவது, சங்கத்தின் கணக்கு. மூன்று வீடுகளும் சேர்ந்தால் 333 மாதத்தில் மீளும் முதல், ஒரு வீடு மட்டும் சேர்ந்தால் 1,000 மாதம் சென்றாலன்றி மீளாது. ஆகவே எத்தனை வீட்டார் சேர்கின்றனர் என்பதே சங்கத்தின் உயிர்நிலை. வைத்தியரை ஆண்டுக்கு இருமுறை காண்பதற்கென மாதந்தோறும் பணம் கட்டுவோர் சிலரே. மாலைதோறும் படம் பார்ப்பதற்கெனக் கட்டுவோர் பலர். பலர் கட்டுதலினாலேயே சிலர்க்கும் கம்பி நிற்கின்றது. பொழுதுபோக்கு இன்றியமையாப் பயனுக்குப் பகையன்று. அதன் செலவைத் தாங்கும் தூணாம்.

மூன்றாவது, கிராமம் நுகர்வது மாத்திரம் அன்று; ஆக்குவதும் உண்டு. பழைய கம்பி முறைகள் பல, வருவதற்கு அகன்ற வழியும் போவதற்கு ஒடுங்கிய வழியும் உடையன. கிராமத்தார் கேட்போரேயன்றிச் சொல்வோரல்லர் என்னும் எண்ணம் அவ்வமைப்பில் மறைந்து கிடந்தது. 24 தடங்களிற் பதிந்த நான்கு நிமிடப் பாட்டு, தரம் குறையாதவாறு அனுப்பப்படுமாயின் 800 மெகாபைற்றுக்கு மேலாகும். செக்கனுக்கு ஒரு மெகாபிற்று மாத்திரம் வெளிச்செல்லும் கம்பியில் அஃது ஏறக்குறைய ஒரு மணி 50 நிமிடம் பிடிக்கும். இருவழியும் ஒத்த கண்ணாடியிழையில் ஏழு செக்கன் போதும். செபீல்ட் போன்ற இன்னுமோர் ஊர் எழுவதும் எழாமையும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளன.

எஞ்சியுள்ள இடர்கள்

வழி தெரிந்தும் ஊர்கள் பல இன்னும் விடுபட்டிருத்தற்குக் காரணம் மூன்று.

ஒன்று, அளவை. அகலப்பட்டை என்பது எவ்வளவு என்பதை வரையறுப்பது அமெரிக்காவில் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழுவின் பொறுப்பு. 1999 இற் செக்கனுக்கு 200 கிலோபிற்றுப் போதுமென அது கொண்டது. 2010 இல் வரவுக்கு 4 மெகாபிற்றும், 2015 இல் 25 மெகாபிற்றும், 2024 இல் 100 மெகாபிற்றும் வேண்டுமெனக் கூறியது. நகரம் நடக்குந்தோறும் கோலும் நகர்கின்றது. பழைய கோலுக்கேற்ற மலிவான வழியைக் கிராமத்துக்கு இட்டால், வேலை முடியுமுன்னரே அது பழையதாகிவிடும்.

இரண்டு, படவரைவு. நெடுங்காலமாக அவ்வாணைக்குழுவின் கணக்கில், ஒரு குடிமதிப்புத் தொகுதியில் ஒரு வீட்டுக்கேனும் இணையம் தர இயலுமாயின், அத்தொகுதி முழுவதும் இணையம் பெற்றதாகவே எழுதப்பட்டது. நகரத்தில் ஒரு தொகுதி நான்கு தெருவுக்கு இடைப்பட்டது. நாட்டுப்புறத்திலோ பல சதுரமைல் பரந்தது. ஏட்டில் இணையமுடையோர் வீட்டில் அஃதில்லாதவராயினர். உடையோர் எனப்பட்டமையால் உதவியும் இழந்தனர். 2020 இல் நிறைவேறிய சட்டத்தின்படி, வீடுதோறும் கணக்கிட்ட புதிய படம் 2022 நவம்பரில் வெளிவந்தது.

மூன்று, கட்டணம். 2021 ஆம் ஆண்டின் உட்கட்டமைப்புச் சட்டம் இணையம் எட்டாத இடங்களுக்கென 4,245 கோடி டொலரை ஒதுக்கியது. கம்பி வாயில்வரை வந்தாலும் மாதக்கட்டணம் கட்ட இயலாதவனுக்கு அது வந்ததும் வராததும் ஒன்றே. அதன்பொருட்டு வறிய குடும்பங்களுக்கு மாதம் 30 டொலர்வரை உதவும் திட்டம் ஏற்பட்டு, 230 இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. எனினும் நிதி தீர்ந்தமையால் 2024 இல் அத்திட்டம் முடிவெய்தியது. பணத்தைக் கொட்டி ஒருமுறை தோண்டுதல் எளிது. ஆண்டுதோறும் தாங்குதல் அரிது என்பதற்கு இதுவே சான்று.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது இது. நாட்டுப்புறத்துக்கு இணையம் எட்டாமை அறிவியலின் குறையன்று. நிலத்தின் குற்றமும் அன்று. நீண்ட தூரத்துக்குச் சிலரே பொறுப்பாயிருத்தலால் எழும் கணக்கின் சிக்கலே அது. அக்கணக்கைத் தனித்தனி வீட்டார் தீர்த்தல் இயலாது. இலாபம் நாடும் நிறுவனம் தீர்க்க வாராது. ஊரார் ஒன்றுகூடிய சங்கமும், பொறுமையுள்ள கடனும், அதற்கு இடந்தரும் சட்டமும் சேர்ந்தவிடத்து அது தீர்ந்துள்ளது: 1934 இற் செம்பிலும், 2019 இன் பின்னர்க் கண்ணாடியிலும். அவ்வாறு இடப்பட்ட இழையில் முதற்கட் செல்வது ஓர் ஆரவாரப் பாட்டாயினும் ஆகுக. ஒரு கேளிக்கைப் படமாயினும் ஆகுக. வழி திறந்தபின் அதனூடே எது செல்லவேண்டும் என்பதை அவ்வூர்ப் பிள்ளைகள் தீர்மானிப்பர். அவ்வழியைத் திறந்துவைத்தலே மூத்தோர் கடன்.